வெறுங்குழி மூடாத அக்கா

அந்த அக்காவைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு சொல் சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவள் ஏன் இப்படிக் குத்திக் குத்தி எழுதுகிறாள் என்று பிறகு ஒருவரும் மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். பொறாமைதான், வேறொன்றும் இல்லை.

பெயரை எழுதப் போவதில்லை. பாரிசில் எங்கள் கடைகள் இருக்கிற லா சப்பலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளையும் நான் கண்டதில்லை. 'மெஷின் அக்கா' என்றால்தான் தெரியும். 'அவள்' என்று எழுத என் வளர்ப்பு விடாது. 'அவர்' என்று எழுதினால் எங்கள் வீட்டு அவரோடு குழம்பும். ஏற்கெனவே குழம்பினது போதும். ஆகவே அவர் அக்கா, என் மனிதர் இவர். அப்படியே வைத்துக்கொள்வோம்.

அக்கா ஒரு மரக்கறிக் கடையில் நின்றார். அதற்கு அடுத்த சேலைக் கடையின் பின்பக்கத்தில் நான் பிளவுஸ் தைக்கிறேன். எனக்கும் மெஷின் இருக்கிறது. இருபது வருடமாக அதே மூலையில் அதே தையல் மெஷினோடு இருக்கிறேன். என்னை ஒரு குஞ்சும் மெஷின் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவருடையது வேறு. நீளக் கம்பி, நுனியில் ஒரு வட்டத் தட்டு, காதுக்கு இரண்டு மூடி. மண்ணுக்கு மேலே தட்டை ஆட்டிக்கொண்டு போனால், கீழே பொன்னோ காசோ ஆணியோ கிடக்கிற இடத்தில் கத்தும். ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போவார். மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். பூசை முடிய கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி ஏதாவது ஒரு கிராமத்தில் இறங்குவார். மெஷினைக் கழற்றி, மரக்கறி கட்டி இழுக்கிற சில்லுப் பைக்குள் போட்டு, மேலே முருங்கையிலைக் கட்டு ஒன்றை வைத்து மூடி இழுத்துக்கொண்டு போவார். பார்க்கிறவர்களுக்குச் சமைக்கப் போகிற மாதிரி இருக்கும்.

எனக்கு இருக்கிற பெரிய பொன் ஒன்றே ஒன்றுதான், என் தாலிக்கொடி. எங்கள் பக்கத்தில் அதை எப்போதும் கழுத்தில் போடுவதில்லை, விசேஷங்களுக்குத்தான். அந்தத் தாலிக்கொடி காணாமல் போனதும், அதற்காக இந்த அக்காவின் காலடியில் நான் போய் நிற்க வேண்டி வந்ததும்தான் கதை. அதற்கு வருகிறேன். முதலில் அவரை யாரென்று காட்டவேண்டும்.

நான் அவரைச் சரியாகக் கவனித்தது பிள்ளையாரின் தேர் அன்றைக்கு. லா சப்பலில் தேர் என்றால் தெரியும்தானே, வீதி முழுக்கத் தேங்காய். குவியல் குவியலாக உடைத்து, சிரட்டையும் இளநீருமாக வழுக்கிக்கொண்டு கிடக்கும். தேர் திரும்பின பிறகு ஒரு இளம் தாய் நடு வீதியில் குந்தியிருந்து அழுதாள். கைக்குழந்தையின் காப்பு கழன்று எந்தக் குவியலுக்குள்ளோ விழுந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் போட்ட காப்பு. மாநகரசபை லொறி வேறு அள்ளுவதற்கு வந்து நின்று ஹோன் அடித்தது. ஆளாளுக்குச் சிரட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தார்கள். அப்போது அக்கா கடைக்குள் போய்ச் சில்லுப் பையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் ஒருக்கால் தள்ளி நில்லுங்கோ. காப்புப் போட்ட கையளை வைச்சுக்கொண்டு கிட்ட வராதேங்கோ, உதுக்கு விசர் பிடிச்சிடும்."

"வேதக்காரி பிள்ளையாற்றை தேங்காய்க்குள்ளை கிண்டுறா," என்று ஒருவர் பின்னால் நின்று சொன்னார்.

"பிள்ளையார் என்னோடை கோவிக்கமாட்டார். நான் வெண்டிக்காய் நிறுத்துக் குடுக்கிறது முழுக்க அவற்றை ஆக்களுக்குத்தான்," என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கத்தியது. குனிந்தார். எடுத்ததைப் பார்க்கவேயில்லை, பொத்திய கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். பிறகு மறு பையில் இருந்து ஒரு யூரோ சதக் காசை எடுத்து அந்த இடத்தில் வைத்து, மேலே சிரட்டைகளை ஒவ்வொன்றாகப் பழையபடி அடுக்கினார். அள்ளிக்கொண்டு போகப் போகிற குப்பை! லொறிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். எல்லாம் அடுக்கி முடிந்தபிறகுதான் கையை வெளியே எடுத்து விரித்தார். குழந்தையின் காப்பு.

"உந்தச் சதம் என்னத்துக்கு அக்கா?" என்று கேட்டது என் மனிதர்தான். தேர் வடம் பிடித்த வேட்டியோடு பக்கத்தில் நின்றார்.

"வெறுங்குழி மூடக்கூடாது தம்பி. எடுத்தால் ஒண்டு வைச்சிட்டு வரோணும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு அப்பிடித்தான்."

இவ்வளவுதான் அந்த அக்கா. எடுத்த இடத்தில் ஒரு சதம். காட்டிலோ வயலிலோ கடற்கரையிலோ, எங்கே தோண்டினாலும் முதலில் சதம் வைப்பார், பிறகு குழியை மூடுவார், அதற்குப் பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். நானாக இருந்தால் பாதி மண்ணில் இருக்கும்போதே நகத்தால் சுரண்டிப் பார்த்திருப்பேன். நீங்களும்தான்.

அன்றைக்கு இவரின் முகத்தை நான் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் சீலைத் தலைப்பில் தடுக்கி விழப் போய் விழாமல் நின்றேன். அன்றைக்கு அப்படியொரு முகத்தோடு சிரித்தார். அதற்குப் பிறகு அந்த முகம் எங்கே போனதென்று தெரியாது. சென் தெனியில் ஒரு அலுவலகக் கன்ரீனில் சமைக்கிறார். இடக்கைக்காரர். சனி ஞாயிறு லீவு. லீவு என்றால் சோபாவும் போனும். கோயிலுக்கு வாருங்கோ என்றால் முழங்கால் நோகும். சந்தைக்கு வாருங்கோ என்றால் முதுகு நோகும். அடுத்த ஞாயிறு, பூசை முடிகிற நேரம் பார்த்து ஆள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?"

"அக்கா கிடங்கு கிண்ட ஆள் வேணுமெண்டவ. பாவமெல்லே, தனிச்சுத் திரியிறா."

"முழங்கால்?"

"இண்டைக்குப் பறவாயில்லை."

நான் என்ன சொல்ல? அக்காவுக்கு இவரைவிட வயது கூட. தலை பாதி நரைத்துவிட்டது. எப்போதும் ஆண்பிள்ளைச் சப்பாத்து. லா சப்பல் முழுக்கத் தேடினாலும் அந்த மனுசியைப் பற்றிக் கதை கட்ட ஒரு நாக்கு கிடைக்காது. அப்படிப் பொறாமை என்றால் நான் சமாளித்திருப்பேன், நாலு பேச்சுப் பேசி ஆற்றியிருப்பேன். இது அதைவிட மோசம். என் மனிதர் பின்னேரம் முழங்கால் வரைக்கும் சேறோடு வந்து, கதவடியில் சப்பாத்தைத் தட்டிக்கொண்டு, சிரித்தார். நான் இல்லாத இடத்தில் சிரித்த சிரிப்பின் மிச்சம் அது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் "அக்கா சொன்னவ" என்ற பேச்சுத்தான். இந்த நாட்டிலே மெஷினைத் தூக்கிக்கொண்டு நினைத்த இடமெல்லாம் கிண்ட ஏலாது, காணிக்காரனிடமும் கேட்கவேண்டும், அரசாங்கத்துப் பேப்பரும் எடுக்கவேண்டும், அக்கா சொன்னவ. காசை உரஞ்சிக் கழுவக்கூடாது, முகம் அழிந்துபோகும், அக்கா சொன்னவ. புல்லைச் சதுரமாக மூன்று பக்கம் வெட்டி, நாலாம் பக்கத்தை வெட்டாமல் விட்டு, பெட்டி மூடியைத் திறக்கிற மாதிரித் திறக்கவேண்டும். திருப்பி மூடினால் ஒருவருக்கும் தெரியாது. இதை எனக்குக் காட்டுவதற்காக நான் அவித்த பிட்டில் கரண்டியால் வெட்டி மடித்துக் காட்டினார். இருபத்து மூன்று வருடமாக என் பிட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லாத மனிதர்.

சாப்பாட்டு மேசையில் காசுகள் வந்து சேர்ந்தன. பழைய பிராங்குகள், நடுவில் ஓட்டையுள்ள ஒரு காசு, ஏதோ ஒரு ராசாவின் மூக்கு மட்டும் மிஞ்சியிருந்த செப்புக் காசு. பாதி காணிக்காரனுக்கு, மிச்சத்தில் அக்கா இவருக்குக் கொடுத்தவை.

"அவ தனக்கு என்னத்தை வைச்சிருக்கிறா?"

"ஒண்டும் பெரிசா இல்லை. பழைய சண்டையிலை வெடிச்ச துவக்குச் சன்னம் வந்தால் மட்டும் பேசாமல் திருப்பி வைச்சு மூடிப்போடுவா. அண்டைக்குப் பிறகு கதைக்கவும் மாட்டா."

"நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"நானும் கதைக்கமாட்டன். பக்கத்திலை இருப்பன்."

பாருங்கோ! என்னோடு கதைக்காமல் இருந்தால் அதற்குப் பெயர் போன் பார்ப்பது. அங்கே கதைக்காமல் இருந்தால் அதற்குப் பெயர் பக்கத்தில் இருப்பது.

மாரி தொடங்கும்போது இவர் தனக்கென்று ஒரு பழைய மெஷின் வாங்கினார். கறுப்புப் பெட்டியில் வந்தது. நான் அந்தப் பெட்டியை ஒருநாளும் தொடவில்லை. வீடு கூட்டும்போதும் அதைச் சுற்றித்தான் கூட்டினேன். விளக்குமாறு கூடப் படவில்லை.

இதற்கிடையில் அக்காவே என்னிடம் வந்தார். சட்டைப் பை கிழிந்துவிட்டதாம். காசும் கல்லும் போட்டுப் போட்டு இரண்டு பையும் ஓட்டை. பிளவுஸ் தைக்கிற மூலையில் கதிரையில் இருந்துகொண்டு நான் தைக்கிறதைப் பார்த்தார். நான் கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான்:

"இவ்வளவு எடுத்தும் போதாதோ அக்கா? இன்னும் என்னத்தைத் தேடுறீங்கள்?"

"காசு எண்டால் ஆரோ துலைச்சது தங்கச்சி. மோதிரம் எண்டால் ஆரோ அழுதது. எடுக்கேக்கை சந்தோசமாத்தான் இருக்கும். பேந்து அந்தச் சனத்தின்ரை முகம் வரும்."

"அப்ப?"

"தெற்கை மலையடிவாரத்து ஆத்திலை தங்கக் கல்லுக் கிடக்குதாம். சின்னனா, குறுணி மாதிரி. மலையிலையிருந்து கரைஞ்சு வாறது. ஒருத்தரும் போட்டதில்லை, ஒருத்தரும் துலைச்சதில்லை, ஒருத்தரிட்டையும் பறிச்சதில்லை. அப்பிடி ஒரு பொன்னை ஒருக்கா எடுத்துப் பாக்கோணும்."

"நீங்கள் என்ன அக்கா துலைச்சனீங்கள்?"

என் கையில் இருந்த தையலைப் பார்த்தார். "பொக்கற்றை இரட்டை நூலாலை தையுங்கோ," என்றார். அவ்வளவுதான். பிறகு வெண்டிக்காய் விலை கூடின கதை கதைத்தார்.

நான் இரட்டை நூலால் தைத்தேன். காசு வாங்கமாட்டேன் என்றேன். எழும்பிப் போன பிறகு பார்த்தால் ஊசிப் பெட்டிக்கு மேலே ஒரு கட்டு முருங்கையிலை கிடக்கிறது. சும்மா வாங்கிக்கொண்டு போக அந்த மனுசிக்குத் தெரியாது.

இனித் தாலிக்கொடிக்கு வருகிறேன். அந்தத் தேருக்கு முந்தி, ஓகஸ்டில், நாங்கள் லூர்து மாதாவிடம் போனோம். சைவக்காரர் என்றாலும் போவோம், பாரிசில் எல்லாரும் போவார்கள். எங்கள் வீடு பாரிசுக்கு வெளியே பொண்டியில், சின்னத் தோட்டத்தோடு. அந்தக் கோடையில் எங்கள் வீதியில் இரண்டு தமிழ் வீடுகளை உடைத்துவிட்டார்கள். தமிழ் வீடென்றால் பொன் இருக்கும் என்று கள்ளருக்குப் பாடம். "பாங்கிலை ஒரு பெட்டி எடுப்பம்," என்று இவர் எத்தனையோ தரம் சொன்னார். "தாலியைக் கட்டினது நீங்களோ பாங்கோ?" என்று கேட்டு நான் வாயை அடைத்துவிட்டேன். வீட்டுக்குள் ஒளிக்கவும் பயம். அரிசிப் பெட்டி, மாப்பேணி, சாமித்தட்டுக்குக் கீழே என்று எங்கள் சனம் ஒளிக்கிற இடமெல்லாம் கள்ளருக்கு இப்போது மனப்பாடம்.

ஊரில் சண்டைக் காலத்தில் எங்கள் சனம் என்ன செய்தது? வளவில் புதைத்துவிட்டுத்தானே ஓடியது. நானும் அதைத்தான் செய்தேன். லூர்துக்கு வெளிக்கிடுகிற அன்று காலை, இவர் காருக்குள் சாமான் அடுக்கிக்கொண்டு நிற்க, ஐஸ்கிறீம் பெட்டியொன்றுக்குள் தாலிக்கொடியைத் துணியால் சுற்றி வைத்து, உடுப்புக் காயப்போடுகிற கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவில் புதைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகும் எடுக்கவில்லை. மண்ணைவிடப் பத்திரமான இடம் எது என்று நினைத்தேன். வீட்டில் மெஷின் வந்தபோது கம்பத்தடியை ஒருதரம் எட்டிப் பார்த்தேன்தான். "வீட்டுத் தோட்டத்திலை என்ன கிடக்கப்போகுது, பழைய ஆணிதான்," என்று இவரே சொன்னார். சரி என்று விட்டுவிட்டேன்.

வசந்தம் வர என் தம்பி மகளின் கல்யாணம் வந்தது. தாலிக்கொடி இல்லாமல் சபையில் போய் நிற்க ஏலுமா? இவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தோண்டினேன். இல்லை. கம்பத்துக்கு இந்தப் பக்கம் தோண்டினேன், அந்தப் பக்கம் தோண்டினேன். மாரிக்குப் பிறகு புல் எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடந்தது. குளிரில் கை விறைத்து, நகமெல்லாம் மண். கொடி போனதைவிட, இவரிடம் எப்படிச் சொல்வேன்? பாங்கில் வை என்று தலைதலையாக அடித்துச் சொன்ன மனிதரிடம், நீங்கள் கட்டின தாலியை நாய் எலும்பைப் புதைக்கிற மாதிரிப் புதைத்துவிட்டுத் துலைத்தேன் என்றா?

அப்போதுதான் எனக்கு ஒரு காட்சி நினைவு வந்தது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார். சில்லுப் பையோடு வந்தார். நான் அடுப்படியில் நிற்க, அந்தக் கம்பத்தடியில் போய் நின்றுகொண்டு, "நல்ல வளவு," என்று சொன்னார். நல்ல வளவாம்! அதற்கு முந்தி என் தோட்டத்தை யாராவது நல்ல வளவு என்று சொன்னதுண்டா? மனம் போகிற போக்கைப் பாருங்கோ. அடுத்த நாள் முழுக்க, சேலைக் கடையில் இருந்துகொண்டு, கண்ணாடிக்கு வெளியே வெண்டிக்காய் அள்ளுகிற அந்தக் கையையே பார்த்தேன்.

கடைசியில் போய்க் கேட்டேன். தேடித் தாருங்கோ என்றுதான் கேட்டேன், ஆனால் முகத்தைப் பார்க்கத்தான் கேட்டேன்.

"அக்கா, இவருக்குச் சொல்லவேண்டாம். என்ரை தாலிக்கொடி…"

முகம் மாறவில்லை. கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார். "நாளைக்குப் பின்னேரம் எனக்கு வேலையில்லை. அவர் எத்தினை மணிக்கு வருவார்?"

வந்தார். காது மூடியைப் போட்டுக்கொண்டு, நான் கிண்டி வைத்திருந்த கிடங்குகளை ஒருதரம் பார்த்தார். முதலில் அவற்றை மூடினார், ஒவ்வொன்றுக்கும் ஒரு சதம் வைத்து. நான் ஒன்றும் எடுக்காத கிடங்குகள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு மெஷினை ஆட்டிக்கொண்டு போனார். ஆணி. சோடா மூடி. என் வீட்டு மண்ணில் கூட அவருக்கு நடுவில் ஓட்டையுள்ள காசு ஒன்று வந்தது, பாருங்கோவன். கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவில், நான் தோண்டினதற்குச் சரியாக ஒரு சாண் தள்ளி, கத்தியது. சின்னக் கத்தல்.

நான் விழுந்தடித்துக் குந்தினேன். அக்கா புல்லை விரலால் விலக்கினார். ஒரு கோடு தெரிந்தது. மூன்று பக்கம் வெட்டி ஒரு பக்கம் விட்ட கோடு. பெட்டி மூடியைப் போலத் திறந்தார். கீழே தளர்ந்த மண். ஐஸ்கிறீம் பெட்டி இல்லை. ஒரு சதக் காசு கிடந்தது.

பிடித்துவிட்டேன் கள்ளியை என்றுதான் நினைத்தேன். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"இது உங்கடை சதமெல்லே அக்கா?"

அக்கா காசைக் கையில் எடுக்கவில்லை. அந்த வெட்டையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்க, அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்த நேரத்தில் மண்வெட்டி கையில் இல்லாதது நல்லது.

"பழக்கம் என்ரைதான். கை என்ரை இல்லை," என்றார். "இஞ்சை பாருங்கோ தங்கச்சி. நான் சோத்துக்கையாலை வெட்டுறனான், மடிப்பு இடப்பக்கம் நிக்கும். இது வலப்பக்கம் நிக்குது. இடக்கைக்காரன் வெட்டினது. மேலை மிதிக்கவும் இல்லை. குதிக்காலாலை மிதியுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன், கேக்கமாட்டார். உள்ளங்கையாலை தட்டுவார், பிள்ளையை நித்திரையாக்கிற மாதிரி. இது உங்கடை அவற்றை கை. கொடி களவு போகேல்லை. வீட்டுக்குள்ளைதான் இருக்கு. கேளுங்கோ."

கொடி இருக்கிறது என்று காதில் விழுந்தது. நான் லூர்து மாதாவையும் பிள்ளையாரையும் ஒன்றாகக் கும்பிட்டிருக்க வேண்டிய நேரம். என் மனம் அங்கே போகவில்லை. உள்ளங்கையால் தட்டுவார் என்றாரே, அங்கேதான் நின்றது. இருபத்து மூன்று வருடம் ஒரே கட்டிலில் படுத்தெழும்பிய எனக்கு, என் மனிதர் மண்ணைப் பிள்ளையைப் போலத் தட்டி மூடுவார் என்று தெரியாது. வெண்டிக்காய் நிறுக்கிற மனுசிக்கு, ஒரு பிடி புல்லைப் பார்த்தே தெரிகிறது.

அக்கா சதத்தை அப்படியே விட்டு, மூடியை மூடினார். தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போட மறந்துபோனேன். குடித்துவிட்டு, "நல்லா இருக்கு," என்று சொல்லி, சில்லுப் பையை இழுத்துக்கொண்டு போனார்.

இவர் வந்து சப்பாத்துக் கழற்றும் வரைக்கும்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்ரை தாலிக்கொடி எங்கை?"

நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சமும் திடுக்கிடவில்லை. "கேக்கிறதுக்கு இவ்வளவு நாள் எடுத்ததோ?"

"எப்ப எடுத்தனீங்கள்?"

"மெஷின் வாங்கின கிழமை. நீர் கடைக்குப் போன நேரம் வளவிலை ஒருக்கா ஆட்டிப் பாத்தனான். முதல் கத்தினதே அதுதான்." சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "நீர் எப்ப சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். மாரி முழுக்கப் பாத்தன். நான் கட்டினதை எனக்குச் சொல்லாமல் தாட்டுப்போட்டு, நீர் என்னோடை இருந்து சோறு தின்னுறீர்."

"நீங்கள் சொல்லாமல் எடுத்துப்போட்டுத் தின்னேல்லையோ?"

"ஓம். நானும்தான்."

இவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு எழும்பிப் போய் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்தார். மெஷினின் தட்டு வைக்கிற பள்ளத்துக்குள், நான் சுற்றின அதே துணியில், என் தாலிக்கொடி இருந்தது.

"உதுக்குள்ளையோ வைச்சனீங்கள்?"

"இந்த வீட்டிலை நீர் கை வைக்காத இடம் உது ஒண்டுதானே."

நான் அழுதேன். அழுதுகொண்டே ஏசினேன். இவர் தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டுவிட்டார். கொக்கியைப் பூட்டுவதற்கு வழக்கம்போல இடக்கை தடுமாறியது. பூட்டி முடித்துவிட்டுப் பிடரியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டுவார்தான். இத்தனை காலமும் கொக்கி சரியாகப் பூட்டுப்பட்டதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்குப் போனோம். எல்லாரும் கொடி வடிவாய் இருக்கிறது என்றார்கள். அந்த வருடக் கோடையில் அக்கா வேலையை விட்டுவிட்டார். தெற்கே, ஆறு ஓடுகிற ஒரு சின்ன ஊரில், வயோதிபர் இல்லமொன்றில் சமையலுக்கு ஆள் கேட்டார்களாம். போகிற அன்றைக்கு என்னிடம் வந்து, "பொக்கற் இன்னும் கிழியேல்லை," என்று பையை வெளியே இழுத்துக் காட்டினார். இவர் கார் து நோர் வரைக்கும் சில்லுப் பையை இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்து மெட்ரோவில் தெற்கு ரயில் ஏறுகிற நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அந்தக் கிழமை முழுக்க வாய் திறக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். போன் பார்க்கிறார் என்று சொல்லவில்லை.

போன மாதம், தெற்கில் இருந்து கல்யாணச் சாமான் வாங்க வந்த ஒரு பெண் சேலைக் கடைக்குள் வந்து, "இஞ்சை பிளவுஸ் தைக்கிற அக்கா ஆர்?" என்று கேட்டாள். கைப்பையில் இருந்து, இங்கத்தைய மருந்துக் கடையில் சீனிக் குறுணி மாத்திரை போட்டு விற்கிற சின்னப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்துத் தந்தாள்.

"மெஷின் அக்கா தந்துவிட்டவ. உங்கடை கையிலைதான் குடுக்கோணும் எண்டு சொன்னவ."

உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு சின்னக் கல். ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, சொத்திப் பல்லு மாதிரி ஒரு உருவம். மஞ்சள். எதிர் நகைக்கடைப் பத்தருக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கண்ணில் செருகி உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"பொன்தான் பிள்ளை. ஆனால் உது ஆரும் உருக்கின பொன் இல்லை. எங்கை எடுத்தனி?"

அக்கா கடைசியில் எடுத்துவிட்டார். ஒருத்தரும் போடாத, ஒருத்தரும் துலைக்காத பொன். எடுத்தவுடனே வழக்கம்போலப் பார்க்காமல் பையில் போட்டு, ஆற்று மண்ணில் ஒரு சதம் வைத்து மூடியிருப்பார். பிறகு அதை எனக்கு அனுப்பியிருக்கிறார். இவருக்கில்லை, எனக்கு. என் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டு போன மனுசி. வெறுங்குழி மூடக்கூடாது என்பது அந்த மனுசியின் சட்டம். எனக்கு அது பத்தர் கடை வாசலில் வைத்துத்தான் விளங்கியது. நடு வீதியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன். எரிச்சல் மட்டும் போகவில்லை. கொடுக்கிறதிலும் என்னை முந்திவிட்டாரே.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். முகம் பிரகாசமாகி, கையை நீட்டினார்.

"எனக்கு என்ன தந்துவிட்டவ?"

"உங்களுக்கு ஒண்டும் இல்லை."

"ஒண்டுமோ?"

"ஒண்டும். என்ரை கையிலைதான் குடுக்கோணும் எண்டு சொல்லிவிட்டவ."

அப்படியே போய்ச் சோபாவில் இருந்தார். போனை எடுத்தார், வைத்தார். சாப்பாட்டுக்கு வந்து, பிட்டைக் கரண்டியால் ஒரு பக்கம் விட்டு மூன்று பக்கம் வெட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"ஒருக்கால் காட்டுமனப்பா. பாத்துப்போட்டுத் தாறன்."

நான் காட்டவில்லை. இன்றைக்கும் காட்டவில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்றும் சொல்லமாட்டேன். அவ்வளவு சின்னதுக்கு இவருடைய மெஷின் கத்தாதாம், அக்கா சொன்னவ. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடைக்குப் போய் வந்து பார்க்கும்போது, கம்பத்தடிப் புல் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டித் தட்டி அமுங்கிக் கிடக்கிறது.